"டிக்" என்ற சத்தம் மட்டும் கேட்டால்: 12 போர் ஒற்றைக்குழல் துவக்கின் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

பெரும்போகத்தில் கதிர் பால்பிடிக்கும் காலம். இரவு ஒரு மணிக்கு வரம்போரம் பன்றி உறுமுகிறது. வாடியிலிருந்து இறங்கி, டோர்ச் அடித்து, விசையை அழுத்தினால் "டிக்" என்று ஒரு சத்தம்தான் வருகிறது. வெடி இல்லை. பன்றியோ அவசரமில்லாமல் அடுத்த வரவைக்குள் இறங்குகிறது. இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் காவலுக்குப் போகிற யாருக்கும் இது புதுக்கதை இல்லை.

அந்த நேரத்தில் பெரும்பாலானோர் செய்வது, துவக்கைச் சட்டென்று மடித்து ரவையை (தோட்டாவை) வெளியே எடுப்பது. இந்த வழிகாட்டியை எழுதக் காரணமே அந்த அவசரம்தான். வெடித்த துவக்கால் வரும் ஆபத்து எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வெடிக்காத துவக்கில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது.

நான் எழுதுவது பயிர்க்காவலுக்கு அனுமதி பெற்ற 12 போர் ஒற்றைக்குழல் மடிப்புத் துவக்கைப் பற்றி. எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் வெல்லாவெளிப் பக்கத்தில் வயல் செய்த என் தாய்மாமன். நாற்பது வருடம் ஒரே துவக்கை வைத்திருந்தவர். அவர் சொன்ன ஒழுங்கிலேயே நானும் சொல்கிறேன்.

ஒரு வெடிக்குள் எட்டு வேலை

எந்தத் துவக்காக இருந்தாலும் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் நடப்பது ஒன்றுதான். ரவை குழலின் வாசலுக்கு வர வேண்டும். அறைக்குள் அமர வேண்டும். பின்பக்கம் பூட்டுப்பட வேண்டும். ஊசி, ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் அடிக்க வேண்டும். பிறகு பூட்டுத் திறக்க வேண்டும், வெற்றுக்கோது இழுபட வேண்டும், வெளியே விழ வேண்டும், ஊசியை அடிக்கும் குதிரை மறுபடி பின்னுக்கு நிமிர வேண்டும்.

அரைத் தானியங்கித் துவக்கில் விசையை அழுத்துவது மட்டும்தான் உங்கள் வேலை. மற்ற எல்லாவற்றையும் வெடியின் வாயுவோ உதைப்போ கண்மூடித் திறப்பதற்குள் செய்து முடித்துவிடும். ஒற்றைக்குழலில் அதையெல்லாம் செய்வது உங்கள் கை. பழுது பார்க்க இது பெரிய வசதி. எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். ஆகவே "துவக்கு வேலை செய்யுதில்ல" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எட்டில் எது நின்றது என்று கேளுங்கள்.

முதல் படி: வெறுமையாக்குதல்

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதீர்கள். குழலை ஆளில்லாத திசையில், மண்ணை நோக்கிப் பிடியுங்கள். விரல் விசைக்கூட்டுக்கு வெளியே இருக்கட்டும். "டிக்" கேட்ட துவக்கென்றால், கீழே சொல்வது போல அறுபது வரை எண்ணிய பிறகே திறக்க வேண்டும். மடித்துத் திறந்து ரவையை எடுத்து, துவக்கு இருக்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். பிறகு சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். இருட்டில் கண்ணை நம்ப முடியாது.

அதன் பிறகு குழலை வானத்துக்குப் பிடித்து உள்ளே பாருங்கள். பின்பக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும், வாய்ப்பக்கத்திலிருந்து ஒருபோதும் பார்க்கக் கூடாது. மாமா இதற்கு வைத்திருந்த பேர் "வானம் பார்க்கிறது". "மனே, வானம் பாத்தியா?" என்று கேட்காமல் அவர் ஒருநாளும் என் கையில் துவக்கைத் தந்ததில்லை.

ஒரு சிறுபோகத்தில் நான் அதை விட்டுவிட்டேன். இருபது நாள் பெட்டிக்குள் கிடந்த துவக்கு. பெட்டியின் மூடி சரியாக மூடப்படாமல் ஒரு விரலளவு திறந்திருந்தது. நான் ரவையைக் கையில் எடுத்த பிறகுதான் மாமா கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அவரே குழலை வாங்கி வானத்துக்குப் பிடித்தார். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் தெரியவில்லை, கும்மிருட்டு. வாயிலிருந்து நாலு விரல் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. தடியால் தட்டியபோது காய்ந்த மண்ணும், அதற்குள் குளவி அடைத்து வைத்திருந்த சின்னச் சிலந்திகளும் உள்ளங்கையில் கொட்டின. அந்தக் குழலில் வெடி வைத்திருந்தால் வாய்ப்பகுதி வீங்கியோ பிளந்தோ போயிருக்கும்.

ரவை சரியானதுதானா?

துவக்கைக் கழற்ற முன் ரவையைப் பாருங்கள். நான் கண்ட பழுதுகளில் பாதிக்கு மேல் துவக்கில் இருக்கவில்லை, ரவையில்தான் இருந்தது.

12 போர் என்றால் என்ன? அந்தக் குழலின் துளைக்குச் சரியாக அமையும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு இறாத்தல் நிறை என்பது பழைய அளவு. அப்படியானால் 20 போர் என்பது பெரிய குழல் அல்ல, சிறிய குழல். இங்கே ஒரு பொல்லாத ஆபத்து இருக்கிறது. 20 போர் ரவையை 12 போர் அறைக்குள் போட்டால் அது நழுவி முன்னுக்குப் போய், குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கி நிற்கும். மடித்துப் பார்த்தால் அறை வெறுமையாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் ரவையைப் போட்டு அடித்தால் குழல் வெடித்துச் சிதறும். 20 போர் ரவையை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். மஞ்சள் ரவை ஒன்று உங்கள் பையில் இருந்தால் அது அங்கே இருக்கக்கூடாத பொருள்.

அடுத்தது நீளம். இன்று பரவலாகக் கிடைக்கும் ரவை 70 மில்லிமீற்றர். பழைய குழல்கள் சிலவற்றின் அறை 65 மில்லிமீற்றர்தான். ரவையில் எழுதியிருப்பது வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். எனவே மடிந்த வாயோடு 70 ரவை 65 அறைக்குள் வசதியாக அமர்ந்துவிடும். அடித்தபின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். "உள்ளே போகுதுதானே" என்பது அளவு பார்க்கும் முறை இல்லை. குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அளக்கக் கொடுங்கள்.

மூன்றாவது ஈரம். கார்த்திகை, மார்கழி மழையில் பையில் கிடந்த ரவையின் பித்தளை அடியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் ஒதுக்கி விடுங்கள். கடதாசிக் கோது வீங்கும். பிளாஸ்ரிக் கோது வீங்காது, ஆனால் கேப்பின் ஓரத்தால் ஈரம் உள்ளே இறங்கும். நனைந்த ரவையை வெயிலில் காயவைப்பதும் அடுப்படியில் வைப்பதும் கூடவே கூடாது. பளபளக்கட்டும் என்று எண்ணெய் பூசுபவர்களையும் கண்டிருக்கிறேன். எண்ணெய் கேப்புக்குள் ஊறினால் அந்த ரவை செத்துப்போகும்.

துவக்கு மூடவில்லை என்றால்

ரவை போட்டாயிற்று, குழல் மேலெழுந்து பூட்ட மறுக்கிறது. பலமாக அடித்து மூடாதீர்கள். மெல்லத் திறந்து, கோதைப் பின்னுக்கு இழுக்கும் நாக்கின் அடியைப் பாருங்கள். ஒரு நெல் உமியோ, இரண்டு மணல் துகளோ, எரியாத வெடிமருந்துத் துணுக்கோ அங்கே இருந்தால் போதும், நாக்கு முழுதாக உட்காராது, ரவையின் விளிம்பு ஒரு நூலளவு வெளியே நிற்கும். நெல் சூடடித்த நாட்களில் எனக்கு இது மூன்று நாலு தடவை நடந்திருக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்சால் இரண்டு தட்டு, வேலை முடிந்தது.

அங்கே சுத்தமாக இருந்தால் வேறொரு புது ரவையைப் போட்டுப் பாருங்கள். அது சிரமமில்லாமல் மூடினால் முந்தியது வீங்கியது. இரண்டும் மூடாவிட்டால் அறையில் அழுக்கோ துருவோ இருக்கிறது. வெறும் துவக்கும் மூடவில்லை என்றால் மடிப்பு முளையில் மணல். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, கொக்கியையும் முளையையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, அடுத்த மாதம் அதே பழுது திரும்பி வரும்.

"டிக்" சத்தம்: கேப்பைப் படித்தல்

இதுதான் முக்கியமான பகுதி, ஆறுதலாக வாசியுங்கள்.

"டிக்" கேட்டதும் துவக்கைத் திறக்கக் கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு அறுபது வரை எண்ணுங்கள். சில ரவைகளில் கேப் பற்றி, மருந்து தாமதமாகப் பிடிக்கும். மடித்த கணத்தில் அது பிடித்தால் பித்தளையும் நெருப்பும் உங்கள் முகத்துக்குத்தான் வரும். பன்றி போனால் போகட்டும்.

எண்ணி முடித்த பின் முகத்தை விலக்கித் திறந்து ரவையை எடுங்கள். இனி வெளிச்சத்தில் கேப்பைப் பாருங்கள். அந்தச் சின்ன வட்டத்தில் ஊசி விட்டுப்போன அடையாளம் எல்லாவற்றையும் சொல்லும்.

நடுவில், ஆழமாக, வட்டமான குழி இருந்தால் துவக்கில் குற்றமில்லை, ரவைதான் செத்தது. அதைத் தனியே ஒதுக்கி வையுங்கள். பிரித்து மருந்தைக் கொட்டிப் பார்க்க வேண்டாம்.

நடுவில்தான், ஆனால் நகத்தால் தொட்டது போல மேலோட்டமான குழி என்றால் ஊசிக்குப் பலம் போதவில்லை. இதற்கு நான் கண்ட முதல் காரணம் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் கைக்கெட்டும் எண்ணெய் அதுதான். ஆனால் அது ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய். மார்கழிப் பின்னிரவில் வட்டையில் (வயல்வெளியில்) குளிர் இறங்கும்போது ஊசித்துளைக்குள் அது தடிக்கும், தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பகலில் வீட்டில் சோதித்தால் துவக்கு நன்றாக அடிக்கும். இரவில் வயலில் "டிக்". ஒருவர் இதே பழுதோடு இரண்டு போகம் அலைந்து, ஸ்பிரிங் மாற்றி, கடைசியில் என்னிடம் வந்தார். ஊசித்துளையை மண்ணெண்ணெயால் கழுவியபோது மஞ்சள் பசை திரண்டு வந்தது. காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். அதன் பிறகு அந்தத் துவக்கு ஒருநாளும் தவறவில்லை. ஊசித்துளைக்கு எண்ணெய் கூடினாலும் கேடுதான், எது எண்ணெயாக இருந்தாலும் சரி.

கழுவிய பிறகும் குழி மேலோட்டமாகவே இருந்தால் குதிரையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஊசியின் முனை தேய்ந்திருக்கும். இரண்டுமே பழுதுபார்ப்பவரின் வேலை. கம்பியைச் சீவி ஊசி செய்பவர்கள் இருக்கிறார்கள். முனை கூராகிவிட்டால் கேப்பைத் துளைத்து, வாயு பின்னுக்கு வரும்.

குழி நடுவை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மடிப்பு முளை ஆடுகிறது. முன்கட்டையைக் கழற்றி, குழலை மூடிய நிலையில் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். "டொக் டொக்" என்று ஆடினால், அல்லது வெறும் துவக்கை மூடி விளக்கின் முன் பிடிக்கும்போது குழலுக்கும் பின்சுவருக்கும் இடையில் வெளிச்சம் கீறாகத் தெரிந்தால், அந்தத் துவக்கை அன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் எனக்குச் சமாதானப் பேச்சு கிடையாது.

குழியே இல்லை என்றால் ஊசி உடைந்திருக்கலாம், அல்லது துவக்கு முழுதாகப் பூட்டுப்படவில்லை.

"புஸ்" என்ற சத்தம்

"டிக்"கை விட எனக்குப் பயம் தருவது இதுதான். வெடி கேட்கிறது, ஆனால் பலமில்லை. உதைப்பும் இல்லை. நனைந்த மருந்து அரைகுறையாக எரிந்து, சன்னத்தையும் (ரவைக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகள்) அடைப்பையும் குழலின் நடுவிலேயே விட்டிருக்கலாம். அடுத்த ரவையைப் போட்டு "தள்ளிவிடலாம்" என்று நினைப்பவர் குழலைப் பிளக்கப் போகிறார். திறந்து, கோதை எடுத்து, வானம் பாருங்கள். வட்டம் முழுதாகத் தெரியாவிட்டால் குழலைக் கழற்றி, துளைக்குச் சற்று ஒடுங்கிய மரத்தடியால் வாய்ப்பக்கமிருந்து தள்ளி எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், குழலைக் கீறிவிடும். இரவாக இருந்தால் டோர்ச் வெளிச்சத்தை ஒரு வெள்ளைத் துணியில் பட வைத்து, அதை நோக்கிக் குழலைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பெட்டியில் மிச்சமிருக்கும் ரவைகளையும் நம்பாதீர்கள்.

கோது வெளியே வரவில்லை

அடித்தாயிற்று, மடித்தால் நாக்கு நகர்கிறது, கோது அசையவில்லை. முதலில் அது அடிபட்ட கோதுதானா என்று நிச்சயம் செய்யுங்கள். அடிபட்டதென்றால் மரத்தடியைக் குழலின் வாய் வழியாக விட்டு மெல்லத் தள்ளலாம். அடிபடாத ரவை இறுகியிருந்தால் தடியால் குத்தக் கூடாது. குழலைக் கழற்றி, அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அறையில் இருக்கிறது. பிளாஸ்ரிக் கோது உருகிப் படிந்த படலம், அதற்கு மேல் துரு, அதற்கு மேல் இன்னொரு படலம். வெளியே எடுத்த கோதின் உடலில் நீளவாக்கில் கீறல்கள் தெரிந்தால் துரு சொரசொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். பித்தளைக் கம்பி பிரஷ்சை மண்ணெண்ணெயில் தோய்த்துச் சுழற்றிச் சுழற்றித் தேயுங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை. உப்புத்தாள் போடாதீர்கள். இன்று வழவழப்பாகும், அறை அகலமாகும், பிறகு கோது இன்னும் வீங்கி இன்னும் இறுகும்.

கோது தளர்வாக இருந்தும் நாக்கு விளிம்பைத் தாண்டி நழுவினால் நாக்கு தேய்ந்திருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

குதிரை நிற்கவில்லை

வெறும் துவக்கில், அறையைத் தடவிப் பார்த்த பிறகு, குதிரையை முழுதாகப் பின்னுக்கு இழுங்கள். விசையைத் தொடாமல் பெருவிரலால் குதிரையை முன்னுக்கு மெல்லத் தள்ளுங்கள். பிறகு கட்டையின் அடியை ஒரு ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டுங்கள். குதிரை விழுந்தால், அந்தத் துவக்கு வரம்பில் தடுக்கி விழும்போதும் வெடிக்கும். விசைக்கும் குதிரைக்கும் இடையில் உள்ள பல் தேய்ந்திருக்கிறது. அரத்தால் நீங்களே சீவ வேண்டாம். அந்தப் பல் ஒரு மயிரிழை அளவில் நிற்பது.

தானாக ரவை மாற்றும் துவக்குகள்

தனிப்பட்ட பாதுகாப்புக்கு அனுமதி பெற்ற சிலரிடம் அரைத் தானியங்கி 12 போர் இருக்கும். அவர்களுக்கு நாலு வார்த்தை. கோது பாதி வெளியே, பாதி உள்ளே நசிந்து நின்றால், அல்லது அடுத்த ரவை ஏறாமல் நின்றால், பின்னுக்குப் போகும் பாகம் முழுத் தூரம் போகவில்லை. வாயுவால் இயங்குவதென்றால் குழலில் உள்ள சின்ன வாயுத்துளையும், அதன் கீழே ஓடும் பிஸ்டனும் கரி பிடித்திருக்கும். அங்கே எண்ணெயை அள்ளி விட்டால் கரி இன்னும் சேரும். பிஸ்டனின் வளையங்களைக் கழற்றும்போது எது முன்னால், எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பார்த்து வையுங்கள். தலைகீழாகப் போட்டதால் மட்டும் வேலை செய்யாமல் போனவையும் உண்டு. உதைப்பால் இயங்குபவற்றில் சில, கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடிக்காதவர் கையில் அடுத்த ரவையைச் சரியாக மாற்றாது. இரண்டுக்கும் பொதுவானது, ரவை வலுக்குறைந்ததாக இருந்தால் அந்தப் பாகத்தைத் தள்ளப் பலம் போதாது.

மழைக்காலப் பராமரிப்பு

எழுவான்கரையில் கடற்காற்றின் உப்பு, படுவான்கரையில் வயலின் ஈரம். இரண்டு கரையிலும் துருவுக்குக் குறைவில்லை. மழையில் நனைந்து வந்தால் அன்றிரவே செய்யுங்கள், விடியட்டும் என்று விடாதீர்கள். மூன்றாகப் பிரித்து, உலர்ந்த துணியால் துடைத்து, குழலுக்குள் துணி விட்டு இழுத்து, மெல்லிய படலமாக மெஷின் எண்ணெய். கையால் தொட்டால் விரலில் ஈரம் போலத் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. தோல் உறையிலும் ரெக்சினிலும் சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். குழல் வாயில் துணி அடைக்கவும் வேண்டாம். ஈரம் பிடிக்கும், அதோடு ஒருநாள் எடுக்க மறப்பீர்கள். ரவைகளைத் தகர டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளோடு, துவக்குக்குத் தூரமாகப் பூட்டி வையுங்கள்.

இன்னொன்று. துவக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் யானையை நோக்கித் திருப்பாதீர்கள். 1937 ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள விலங்கு அது. சட்டத்தை விடுங்கள், சன்னம் அதன் தோலுக்கடியில் நின்று சீழ்பிடிக்கும். வலியோடு திரியும் யானை அடுத்த கிராமத்தில் யாருடைய குடிசைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. உன்னிச்சைப் பக்கத்திலும் நவகிரிப் பக்கத்திலும் வயல் செய்கிற எங்களுக்கு யானை வரும்போது தீயும் சத்தமும் ஆட்பலமும்தான் துணை.

பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போது குழலைக் கழற்றி, ரவை ஒன்றும் இல்லாமல், அனுமதிப்பத்திரத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தப் பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது, டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். பெரும்போகக் காவல் உச்சத்துக்கு ஏறுகிற நாட்களும் அவைதான். ஆகவே துவக்கைப் பிரித்துக் கழுவுவதையும் பத்திரம் புதுப்பிப்பதையும் நான் ஒக்டோபர் மாதத்திலேயே, விதைப்பு முடிந்த கையோடு செய்துவிடுகிறேன்.